வெள்ளைப் புள்ளி: இக்கா, வெல்வெட்டா?

இக், வெல்வெட் இரண்டும் கடல்மீனின் தோலிலும் செவுளிலும் ஒட்டும் ஒட்டுண்ணி நோய்கள். குவாரண்டீன் தொட்டியில் (மீனைத் தனியே வைத்துக் கவனிக்கும் தொட்டி) கடல்மீன் மேல் புள்ளி தெரிந்ததும் மருந்துப் புட்டியைத் திறக்காதீர்கள். முதலில் அது மூச்சுவிடுவதைப் பாருங்கள்.

உப்புத்தூள் தூவியது போல எண்ணக்கூடிய புள்ளிகள், மீனும் இரை எடுக்கிறது என்றால் பெரும்பாலும் இக். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மாவு படிந்தாற்போல மங்கல், செவுள் படபடப்பு, பம்ப் ஓட்டத்துக்கு எதிரே முகம் வைத்து நிற்பது, வெளிச்சத்துக்கு ஒதுங்குவது என்றால் வெல்வெட்டைச் சந்தேகிக்கலாம். இரண்டே நாளில் ஆளை முடித்துவிடும்! செவுளில் மட்டும் இருந்தால் புள்ளியே தெரியாது.

இக் மட்டும்தான் என்று உறுதியானால் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுத் தொட்டிக்கு மாற்றினால் போதும், 4 மாற்றம். உபகரணமும் பழைய தண்ணீரும் கூடப் போகக் கூடாது. வெல்வெட்டுக்கு இது உதவாது, உப்பைக் குறைத்துத் தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.009-க்கு இறக்குவதும் உதவாது. அதற்குக் காப்பர் (செம்பு) மருந்துதான்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். குப்ரமைன் போன்ற, அயனிக் காப்பர் என்று விற்கப்படும் மருந்துக்கு 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), கீலேட் காப்பருக்கு (வேறு சேர்மத்தோடு பிணைத்த காப்பர்) 2 முதல் 2.5 பிபிஎம். இரண்டையும் குழப்பினால் மீன் காலி. மருந்து ஒட்டுண்ணியின் நீந்தித் திரியும் பருவத்தை மட்டுமே கொல்லும், அதனால் 30 நாளும் காப்பர் அளவு இறங்கக் கூடாது. ஒரு நாள் இறங்கினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. தொட்டியில் பவளக்கல், பவள மணல் இருந்தால் காப்பரை உறிஞ்சிக்கொள்ளும். மீன் ஒளிய பிவிசி குழாய்த் துண்டுகளே போதும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள், அமோனியாவைக் கட்டும் திரவத்தைக் காப்பரோடு சேர்க்காதீர்கள். மாற்றும் தண்ணீருக்கும் அதே அளவு காப்பர் கலக்க மறக்க வேண்டாம்.