இரண்டாவது புரோகிராம்

காது மிஷின் வேண்டாம் என்று சொல்ல மனிதர்கள் கண்டுபிடிக்கும் காரணங்களுக்கு அளவே இல்லை. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, இவங்கதான் முணுமுணுக்கறாங்க" என்பதற்கு அதில் முதலிடம். கேட்பியல் வல்லுநராக 18 வருடம் ஆகிவிட்டது. வாரத்துக்கு நான்கு முறையாவது இதைக் கேட்டுவிடுகிறேன். சொல்பவர் பெரும்பாலும் கணவர். "இவங்க" பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

அவர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அலைவரிசைகளை, அதாவது கீச்சென்ற ஒலிகளை. உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அலைவரிசைகளில் இருப்பதால் குரல் என்னவோ கேட்டுக்கொண்டேதான் இருக்கும். பட்டை, சட்டை, கட்டை மூன்றையும் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் தடயம் மேலே இருக்கிறது. அது போய்விட்டால் மூன்றும் அட்டைதான். பெண்கள், குழந்தைகள் பேச்சு சீக்கிரம் மங்கிவிடும். ஆக, ஒரு மனிதருக்குத் தன் காது கெட்டுப்போனது முதலில் தெரியவருவது பல வீடுகளில் மனைவியின் பேச்சில். பழியும் அந்தப் பேச்சின் மேலேயே விழும்.

நான் சொல்லப்போகிறவர் என்னிடம் இரண்டு தடவை வந்தார். இரண்டுக்கும் நடுவே ஆறு வருடம். முதல் தடவை மனைவி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஃபைலில் என் கையெழுத்தில் இருக்கிறது: "மனைவியுடன் வந்தார். இரு காதிலும் உயர் அலைவரிசை இழப்பு. கருவி பரிந்துரைக்கப்பட்டது. மறுத்துவிட்டார்." அவ்வளவுதான். அப்படி மறுத்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். நாங்களும் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவோம்.

இரண்டாவது தடவை தனியாக வந்தார். வயது 76. மனைவி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. "மிஷின் வெச்சுக்கறேம்மா" என்றார், நான் கேட்பதற்கு முன்பே. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் அவர் மனைவி, வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பிய 41 குரல் பதிவுகள் இருந்தன. அம்மா இறந்த பிறகு மகள் எல்லாவற்றையும் அப்பாவுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். "எனக்குன்னு அவ ஒண்ணுகூட அனுப்பினதில்லை. எதுக்கு அனுப்பணும், பக்கத்து ரூம்லதானே இருந்தேன்" என்றார்.

கருவியைப் பொருத்தும் அன்று வழக்கமானதைச் செய்தேன். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை அருகே ஒலி எவ்வளவு சேர்கிறது என்று அளந்தேன். கேட்கும் திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமை வைத்து, ஒலியை எவ்வளவு கூட்டுவது என்று ஃபார்முலா சொல்லும் இலக்குக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன், புதியவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். என் பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்றார். தாள் சலசலப்பதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து ஒரு பதிவைத் தட்டினார்.

பத்து விநாடிகூட ஆகியிருக்காது. நிறுத்திவிட்டார். "இது அவ குரல் இல்ல."

எனக்கு இதற்குப் பதில் தெரியும், பாடம் மாதிரி ஒப்பிக்கவும் தெரியும். இத்தனை வருடம் கேட்காமல் இருந்த உயர் ஒலிகள் திடீரென்று திரும்பும்போது எல்லாமே மெலிந்து, தகரத்தில் தட்டுவது போல ஒலிக்கும்; மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொன்று உறைத்தது. கடைசிப் பத்து வருடமாவது அவர் கேட்டது, முனை மழுங்கிய ஒரு குரலை. கம்பளிக்கு அந்தப் பக்கமிருந்து வருவது மாதிரி. அந்தக் குரலைத்தான் அவர் மனைவியின் குரல் என்று வைத்திருக்கிறார். மகள் கேட்டது, அக்கம்பக்கம் கேட்டது, ஒருமுறை இந்த அறையில் நான் கேட்டது எல்லாம் இந்தக் கூர்மையான குரல். அவருக்கு மட்டும் அது அந்நியம்.

அவரும் அதே இடத்துக்கு வந்துவிட்டார் போல. "நீங்க அவ பேசிக் கேட்டிருக்கீங்களேம்மா. இப்படியா இருந்தது?"

நினைவில்லை. அன்று பதினைந்து பேரைப் பார்த்திருப்பேன். குரல்களோடு பிழைப்பு நடத்துகிறவள், ஒரு குரலைக் கேட்டு ஃபைலில் "மனைவியுடன் வந்தார்" என்று எழுதியதோடு விட்டிருக்கிறேன். நினைவில்லை ஐயா என்றேன். பொய் சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் சில சமயம் தோன்றும்.

அப்புறம் நான் செய்தது எங்கள் தொழிலில் சரியான காரியம் இல்லை. கருவியில் ஒன்றுக்கு மேற்பட்ட புரோகிராம்கள் வைக்கலாம். பட்டனை அழுத்தினால் மாறும். கூட்டத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என்று வைப்போம். முதல் புரோகிராமை அவருடைய காதுக்கு எது தேவையோ அப்படியே விட்டேன். இரண்டாவதில் உயர் அலைவரிசைகளை இறக்கிக்கொண்டே வந்தேன், அவர் தலையாட்டும்வரை. ஒரு மாணவி இதைச் செய்து காட்டியிருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன். தெரிந்தே மோசமாகப் பொருத்திய கருவி அது. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பதிவு முழுவதையும் கேட்டார்.

போனிலிருந்து ப்ளூடூத் வழியாக நேரே காதுக்கே ஒலியை அனுப்பலாம், இன்னும் சுத்தமாகக் கேட்கும் என்று காட்டினேன். ஒரே நிமிடத்தில் வேண்டாம் என்றுவிட்டார். "தலைக்குள்ள பேசற மாதிரி இருக்கு. அவ அடுத்த ரூம்லேர்ந்துதான் பேசுவா." வீட்டில் அடுத்த அறையில் ஒரு ஸ்பீக்கரை வைத்துக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. ஒலி தூரத்திலிருந்து வருவதற்கு ஏற்ப இரண்டாவது புரோகிராமின் இரைச்சல் குறைப்பையும் மைக்கின் திசை அமைப்பையும் மாற்றிக் கொடுத்தேன்.

கருவி தன் பயன்பாட்டைப் பதிவு செய்துகொள்ளும். எத்தனை மணி நேரம் காதில் இருந்தது, எந்த புரோகிராமில் எவ்வளவு என்று கணினியில் இணைத்தால் தெரியும். அலமாரியில் தூங்கும் கருவிகளைக் கண்டுபிடிக்க எங்களுக்கு உதவும் விஷயம் அது. இவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 14 மணி நேரம். புரோகிராம் 2: 3 சதவீதம். கணக்குப் போட்டால் தினம் 25 நிமிடம். திரையை அவர் பக்கம் திருப்புவது வழக்கம். அன்று திருப்பவில்லை. பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்டது போல இருந்தது.

செய்தது சரியா என்று குழப்பம் இருந்தது. சக ஊழியர் ஒருவரிடம் சொன்னபோது, "நாம உயிரோட இருக்கறவங்க பேச்சைக் கேக்கத்தானே மிஷின் குடுக்கறோம்" என்றார். அதுவும் நியாயம்தான். கொஞ்சம் தேடிப் படித்தேன். துக்கத்தின் வேலை இறந்தவரிடமிருந்து மனதை மெல்லப் பிரித்தெடுப்பது என்று ஃபிராய்ட் 1917ல் எழுதியது வெகுகாலம் செல்வாக்கோடு இருந்திருக்கிறது. 1971ல் டெவி ரீஸ் என்ற பொது மருத்துவர் வேல்ஸ் பகுதியில் துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரின் இருப்பை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருக்கிறார்கள். சுமார் 13 சதவீதம் பேருக்குக் குரலே கேட்டிருக்கிறது. பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நிறையப் பேருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கிறது. 1990களில் வந்த ஆய்வாளர்கள் சிலர், உறவு முடிந்துபோக வேண்டியதில்லை, வேறு வடிவில் தொடரலாம் என்றே வாதிட்டார்கள். படித்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் இவர் விஷயத்தில் அன்பு மட்டும் வேலை செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்பே கருவியை வாங்கியிருக்கலாம் என்ற குத்தல் அவருக்கு உண்டு. அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, பரிசோதனை நாளுக்கு முன்பாகவே வந்து நின்றார். "ரெண்டாவதைக் கொஞ்சம் கூட்டுங்கம்மா. நடுவுல என்னமோ சொல்றா, பிடிபடலை." முதல் புரோகிராமில் வைத்துக் கேட்டிருக்கலாமே என்றேன். அதில் கேட்க மனசு வரவில்லையாம். கொஞ்சம் கூட்டினேன். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். உலகத்தின் மற்ற சத்தங்களுக்கு அவர் மூளை பழகிவிட்டிருந்தது. இந்தக் குரலை மட்டும் துளித்துளியாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார். மகளிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவர், நடுவில் திரும்பி, போனுக்கு எட்டியும் எட்டாத குரலில் கேட்கிறார்: "ஏங்க, ஜன்னலைச் சாத்தட்டுமா?" பின்னாலிருந்து இவர் குரல், கம்பீரமாக: "ஏழு மணி." ஒரு சிரிப்பு. "பார்த்தியா உங்கப்பாவை" என்று மகளிடம் சொல்கிறார். பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது.

"ஜன்னலைக் கேட்டிருக்காம்மா. நான் மணி சொல்லியிருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார், கொஞ்ச நேரம் நிறுத்த முடியாமல். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து மூன்று வருடமாகிறது. கூட்டிக் கூட்டி, இப்போது இரண்டு புரோகிராம்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அலைவரிசைக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வித்தியாசம் தெரியாது. தேவையில்லாத புரோகிராமை நீக்கிவிடுவது எங்கள் வழக்கம், வயதானவர்கள் பட்டனை அழுத்திக் குழம்புவார்கள். போன மாதம் கேட்டேன், எடுத்துவிடட்டுமா என்று.

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றார்.

ஃபைலில் எழுதி வைத்திருக்கிறேன், எனக்குப் பதில் வேறு யாராவது பார்க்க நேர்ந்தால் என்று: "புரோகிராம் 2, மாற்ற வேண்டாம்." பயன்பாடு இன்னும் 3 சதவீதம்.