அப்ப சரிக்கா

சமூகப் பணியாளரான நான் நிரப்பும் சமூக விசாரணை அறிக்கையில் ‘குழந்தையின் விருப்பம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு வரி எழுதத்தான் இடம் இருக்கும். அந்தப் பெண்ணின் படிவத்தில் என் கையெழுத்தில் ‘பெற்றோருடன் இருக்க விரும்புகிறார்’ என்று இருக்கிறது. நான் பொய் எழுதவில்லை. ஆனால் அவள் அப்படிச் சொல்லவும் இல்லை.

ஆவணி முகூர்த்தம். மறுநாள் காலை கல்யாணம் என்று முந்தின நாள் மதியம் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் வந்தது. போனோம். வழக்கமாக நடப்பதெல்லாம் நடந்தது. வீட்டில் சொன்ன வயது 18, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 17. பந்தலுக்குக் கொடுத்த அட்வான்ஸை யார் தருவது என்று ஒரு மாமா சத்தம் போட்டார். இரண்டு மணி நேரம் கழித்து, 18 முடியும்வரை கல்யாணம் செய்து வைக்க மாட்டேன் என்று முத்திரைத்தாளில் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் அவளைப் பார்த்துப் பேசினேன். அந்த வரிசையே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. முதலில் அவளிடம்தான் பேசியிருக்க வேண்டும்.

சமையலறையில் நின்றிருந்தாள். நலங்கு வைத்த மஞ்சள் நகக்கண்ணில் அப்படியே இருந்தது. வாசற்படியில் அவள் அம்மா உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கூடை வெங்காயம். கல்யாணம்தான் நின்றுவிட்டதே, எதற்கு உரிக்கிறார் என்று ஒரு நொடி நினைத்தேன், கேட்கவில்லை. (வெளியூரிலிருந்து வந்த சனம் அத்தனை பேர் இருக்கும்போது சமைக்காமல் என்ன செய்வார்கள்? அதில் அர்த்தம் தேடுவது இப்போது எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது.)

“வீட்லயே இருக்கியாம்மா, இல்ல எங்களோட வர்றியா?” என்று கேட்டேன்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, “அங்க வந்தா பரீட்சை எழுத விடுவாங்களாக்கா?” என்றாள்.

“வீட்ல இருந்தே எழுதலாமேம்மா. அதான் அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரே.”

“அப்ப சரிக்கா.”

நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது இந்த நாலு வரியைத்தான். வீட்டிலேயே இருக்க நினைத்தவள், நாங்கள் கொண்டுபோய்ச் சேர்க்கும் குழந்தைகள் இல்லத்தில் பரீட்சை எழுதலாமா என்று ஏன் விசாரிக்க வேண்டும்? அவள் கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. அவள் ‘அங்கே’ என்று கேட்டதை, ‘இங்கே’ என்று திருப்பிவிட்டேன்.

ஏன் திருப்பினேன் என்பதும் தெரியும். அழைத்துப் போனால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அந்த வயதுப் பெண்களுக்கு இடம் இருந்த இல்லம் பக்கத்து மாவட்டத்தில். கூட வர ஒரு பெண் போலீஸ் வேண்டும். வந்திருந்தவர் மறுநாள் பந்தோபஸ்துக்குப் போக வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். வண்டி வாடகை வண்டி. மாவட்டத்துக்கே என்னையும் சேர்த்து சமூகப் பணியாளர்கள் இரண்டு பேர், இருவருக்கும் தொகுப்பூதியம். பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்ற ஒரு பையனைப் பற்றி அதற்குள் இரண்டாவது போன். 2023-இல் 1098-ஐத் தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசே எடுத்துக்கொண்டது. அதற்குத் தனியாக ஆள் போட்டார்கள்தான். ஆனாலும் ஃபாலோ அப் என்று வந்தால் அது எங்கள் தலையில்தான் விடிகிறது.

இதெல்லாம் காரணமா, சாக்கா என்று எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் நான் செய்தது சரி. அதே பிரிவுதான் குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. அம்மா கத்தியோடு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நான் என்னத்தைக் கேட்டேன்?

கார்த்திகையில் வேறு ஊர்க் கோயிலில் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். எங்களுக்கு மாசியில்தான் தெரிந்தது. அதுவும் கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண்ணுக்குப் பதியும்போது ஆதாரில் வயதைப் பார்த்ததால். 18 ஆக இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மருத்துவர் தகவல் சொல்லாமல் இருக்க முடியாது, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் சொல்லாமல் விடுவதே குற்றம். மனைவியே ஆனாலும் 18-க்குக் கீழே என்றால் விலக்கு கிடையாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பையனுக்கு 24 வயது, லேத் பட்டறையில் வேலை. உள்ளே போனான்.

குழுவின் முன்னால் நிறுத்த அவளை அழைத்து வந்தபோது நான் வராண்டாவில் இருந்தேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “அவருக்கு எப்பக்கா ஜாமீன் கிடைக்கும்?” என்றுதான் கேட்டாள். பரீட்சையைப் பற்றி அவள் பேசவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. பரீட்சைக்கான பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது என்று பள்ளியில் விசாரித்து வைத்திருந்தேன். அதையாவது சொல்லியிருக்கலாம்.

எங்கள் அலுவலகத்து சீனியர் ஒருவர், “நீ பண்ணதுல ஒரு தப்பும் இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு, தடையாணை வாங்கியிருக்கலாம்” என்றார். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு. மாஜிஸ்திரேட் கொடுக்கிற அந்த ஆணையை மீறி நடக்கும் கல்யாணம் செல்லவே செல்லாது. முத்திரைத்தாளுக்கு அந்த பலம் இல்லை. எனக்கு இது தெரியாததல்ல. சமூகநல அலுவலர் மூலம் மனு போட வேண்டும், ஒரு நாள் கோர்ட்டில் நிற்க வேண்டும். கையெழுத்துதான் கிடைத்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். ஆணை வாங்கியிருந்தாலும் கோயிலில் தாலி கட்டாமல் இருந்திருப்பார்களா என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. ஒருவேளை அவள் உண்மையிலேயே வீட்டில்தான் இருக்க நினைத்தாளோ, பரீட்சை பற்றி சும்மா கேட்டு வைத்தாளோ என்றும் சில நாள் தோன்றும். அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன். மறுநாள் அந்த நினைப்பையே நம்ப முடிவதில்லை.

அதற்குப் பிறகு யாரையும் தனியாகத்தான் கேட்கிறேன். போன மாதம் இதே போல இன்னொரு வீடு. பெண்ணைத் தெருக்கோடி அடிபம்பு வரைக்கும் நடத்திக் கூட்டிப் போய், காதுக்கெட்டும் தூரத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டேன். அவளுக்குக் கை நடுங்கியது. “எங்க அம்மாவைக் கூப்பிடுங்க. அவங்க இல்லாம நான் எதுவும் பேச மாட்டேன்” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். அந்தக் கட்டத்தை அங்கே நிரப்பவில்லை. காலியாக விட்டால் குழுவில் திருப்பிவிடுவார்கள் என்பதால் வண்டியில் வரும்போது மடியில் வைத்து எழுதினேன்.