மைனஸ் நோட்டு

மே 1, 2025
சம்பளம் வரும் முன்பே கணக்குப் பார்த்தாயிற்று. என் வீட்டுக்காரருடைய படிப்பு லோன் பாக்கி 3,86,000. என்னுடையது 2,41,000. இந்தப் பக்கம் பேங்கில் 38,000, இருவர் பி.எஃப். 1,12,000, வண்டி 35,000, வீட்டு அட்வான்ஸ் 50,000. இருப்பதில் கடனைக் கழித்தால் மைனஸ் 3,92,000.

அவர் பேனாவைப் பிடுங்கி 'நகை, 5 பவுன், 3,50,000' என்று ஒரு வரி சேர்த்தார். மைனஸ் 42,000 ஆகிவிட்டது. "பாரு, கடனே இல்ல மாதிரி!" நான் அந்த வரியை அடித்தேன்.

மே 4
கத்திரி ஆரம்பம். ராத்திரி பதினொரு மணிக்கும் சுவர் கொதிக்கிறது.

மே 6
நான் வேலை பார்க்கும் லேபில் சம்பளம் இன்னும் போடவில்லை. நேற்று இ.எம்.ஐ. எடுக்க வந்து பவுன்ஸ். பேங்க்காரர்கள் என்னைக் கூப்பிடாமல் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தறியில் இருந்தவர் எழுந்து போய் போனை எடுத்து, "கட்டிடுவா சார், கட்டிடுவா சார்" என்று நான்கு முறை சொன்னாராம். அம்மா எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். வீட்டுக்காரரிடமிருந்து 6,100 வாங்கி மதியமே கட்டினேன், அபராதம் தனி.

லோனில் அப்பா பெயரும் இருக்கிறது. அவர் சிபிலிலும், அதாவது கடன் மார்க்கிலும், விழுமா?

மே 8
பிளஸ் டூ ரிசல்ட். தம்பி பாஸ், நல்ல மார்க். "அக்கா, இன்ஜினியரிங்தான்" என்கிறான். சந்தோஷப்பட்டுவிட்டு, உடனே சிபில் நினைவு.

மே 15
குடியாத்தம். கெங்கையம்மன் சிரசு ஊர்வலம், அம்மன் தலையைத் தூக்கி வருவார்கள். தேங்காய் உடைத்து உடைத்துத் தெருவெல்லாம் ஈரம். கூட்டத்தில் அம்மா என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "அந்தச் சங்கிலிய போட்டுக்கினு வரலாமில்ல?" என்றாள். கூட்டம், திருட்டுப் பயம் என்று ஏதோ சொன்னேன். நிஜத்தில் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தாலே அவர் மனதுக்குள் எடை போடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. பாவம், அப்படி ஆளும் இல்லை.

மே 16
பவுன் விலை நேற்று இறங்கியதாம். நோட்டில் இல்லாத பணத்துக்கு அவர் முகம் வாடியது.

மே 25
தம்பிக்கு வட்டி சொல்லிக்கொடுத்தேன். வருஷம் ஒரு லட்சமாக நான்கு லட்சம், 11 சதவீதம். படிக்கும்போது கட்ட வேண்டாம், முடித்து ஒரு வருஷம் வரை சும்மா விடுவார்கள். சும்மா என்பது நமக்குத்தான், வட்டிக்கு இல்லை. முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷம், அடுத்ததற்கு நான்கு, மூன்று, இரண்டு. கூட்டினால் 1,54,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,54,000. இதைத்தான் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் தன் லோனைக் கட்ட உட்கார்ந்த அன்று பேங்கில் தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனவர்.

தம்பி கேட்டுவிட்டு, "அப்போ நீ என்னாத்துக்கு வாங்கின?" என்றான். வேறு வழி என்னடா இருந்தது?

ஜூன் 1
மைனஸ் 3,72,000. ஒரு மாதத்தில் 20,000 ஏறியிருக்கிறோம். முள்ளு கத்தரிக்காய் வாங்கி எண்ணெய்க் குழம்பு வைத்தேன். அவர் ராணிப்பேட்டை பஸ்ஸில் நின்றே வந்து மூன்று முறை போட்டுச் சாப்பிட்டார். நகை பற்றி இன்று பேச்சே இல்லை.

ஜூன் 3
படிப்பு லோன் வட்டிக்கு வருமான வரிச் சட்டம் 80ஈ பிரிவில் வரி விலக்கு உண்டு என்று லேபில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். எங்கள் சம்பளத்துக்கு வரியே இல்லை, விலக்கு எதற்கு?

ஜூன் 6
ரெப்போ, அதாவது ரிசர்வ் பேங்க் மற்ற பேங்குகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, அரை சதவீதம் குறைத்து 5.50 ஆக்கிவிட்டார்கள். அவர் துள்ளுகிறார். இ.எம்.ஐ. அப்படியேதான் இருக்குமாம், கடைசியில் சில தவணை குறையுமாம். அதுவும் பேங்க் வட்டியை மாற்றும்போது.

அப்பா போன். "ஏம்மா, தம்பி லோனுக்கு என் கையெழுத்து போதாதுன்றாங்க. நீயும் போடணுமாம்." மே 6 தான் காரணமா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் போட்டால் அந்தக் கடன் நம் நோட்டில் எந்தப் பக்கம்? தூக்கம் வரவில்லை.

ஜூன் 7
பக்ரீத். எதிர்வீட்டு பாய் வீட்டிலிருந்து பிரியாணி. காலையிலேயே தம்பி வந்துவிட்டான், மாமாவும் மச்சானுமாக படிப்பு லோனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி வெப்சைட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுபவரின் சொத்து விவரம் கேட்கிறதாம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நகைய போடலாமா?" என்றார். இதுவரை கேட்டதே இல்லை.

பிரியாணி ஆறுது, சாப்பிட்டுட்டுச் சொல்றேன் என்றேன்.