மராகேஷில் இடப்பக்கம் ஒதுங்கியவர்கள்

தமிழ்ப் பயணக் குழுக்களை வெளிநாடுகளுக்கு அழைத்துச் செல்வது என் வேலை. மொராக்கோவின் மராகேஷ் நகரில் எனக்கு எப்போதும் இருக்கும் கவலை விமானத்தைப் பற்றியதோ சைவச் சாப்பாட்டைப் பற்றியதோ அல்ல. மதிலுக்குள் இருக்கும் பழைய நகரமான மதீனாவின் சந்துகளில் ஓடும் மொபெட்டுகளைப் பற்றியது. 11ஆம் நூற்றாண்டில் அல்மொராவித் அரசர்கள் நிறுவி, 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த அந்த நகரத்தின் உட்சந்துகள் பலவற்றில் கார் நுழைய முடியாது. கார் வராத தெரு என்றால் நிம்மதியாக நடக்கலாம் என்று நானும் முதலில் நம்பினேன். பயணத்திட்டத் தாளில் 'அமைதியான நடை' என்று அச்சடித்தும் கொடுத்திருந்தேன்.

ஜமா எல்-ஃப்னா சதுக்கத்திலிருந்து சூக் எனப்படும் கடைவீதிகளுக்குள் நுழைந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னால் மொபெட் சத்தம் கேட்டதும், குழுவின் கடைசியில் வந்த ஓர் அம்மா, ஊரில் செய்வதுபோலவே சட்டென்று இடப்பக்கம் ஒதுங்கினார். வண்டியும் அந்தப் பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. கைப்பிடியின் முனை தோள்பையின் வாரில் மாட்டி, வார் அறுந்து, மாத்திரை அட்டைகளும் கண்ணாடிக் கூடும் தரையில் சிதறின. ஓட்டிவந்த இளைஞர் வண்டியை நிறுத்தி, எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுத்து, நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டார். நல்லவேளையாக அடி எதுவும் இல்லை. ஆனால், "நான் ஒதுங்கத்தானே செஞ்சேன், தம்பி?" என்று அந்த அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு உள்ளூர் வழிகாட்டியுடன் புதினாத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மொராக்கோவில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. ஆகவே முன்னால் நடப்பவரைத் தாண்டுகிற ஓட்டுநர் அவருக்கு இடப்பக்கமாகத் தாண்டுகிறார். நடப்பவர் வலது சுவரோரமாக, அதே வேகத்தில், நேராகப் போய்க்கொண்டிருப்பார் என்பதே அவருடைய கணக்கு. சத்தம் கேட்டவுடன் இடப்பக்கம் துள்ளும் நம் பழக்கம், வாழ்நாள் முழுக்கக் காலில் ஊறிய பழக்கம், நம்மைச் சரியாக அவர் பாதையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கைவண்டி தள்ளுபவர்களும் கோவேறு கழுதை ஓட்டுபவர்களுமாவது "பாலக்! பாலக்!" என்று கத்தி எச்சரிக்கிறார்கள், மொபெட்டுக்காரர் பெரும்பாலும் இன்ஜின் சத்தமே போதும் என்று விட்டுவிடுகிறார்.

அப்படியானால் தடை செய்துவிடலாமே என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது கேட்பார். நானும் கேட்டேன். வழிகாட்டி கோபப்படவில்லை; தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். தர்ப் என்று அவர்கள் சொல்லும் முட்டுச்சந்தின் கடைசி வீடு அவருடையது. சமையல் எரிவாயு சிலிண்டர் வருவதும், பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும், அவருடைய தாயார் மருத்துவரிடம் போவதும் மொபெட்டில்தான். அதன் பிறகு கவனித்தபோது, ஜெல்லாபா அங்கியுடன் முன்னால் காய்கறிப் பையும் பின்னால் குழந்தையுமாக ஓட்டிப் போகும் பெண்களை எங்கும் பார்த்தேன். நம் ஊரில் டி.வி.எஸ். ஃபிஃப்டி சுமந்த வாழ்க்கை அது. பழைய வீடுகளில் பல வெளிநாட்டார் கைக்கு மாறித் தங்கும் விடுதிகளாகிவிட்ட நகரத்தில், எஞ்சியிருக்கும் குடும்பங்களின் வண்டியையும் பிடுங்கிவிட்டால் சுற்றுலாப் பயணிகள் நடப்பதற்கு வசதியான ஒரு காலி நகரம் கிடைக்கும்; அதை நான் யாருக்கும் சுற்றிக்காட்ட விரும்பவில்லை.

மொராக்கோவின் இன்னொரு நகரமான ஃபெஸ்ஸின் பழைய பகுதியை எடுத்துக்காட்டுபவர்களும் உண்டு. அங்கே சந்துகளில் இன்றும் கோவேறு கழுதைகள்தாம் சுமை தூக்குகின்றன. ஆனால் அது சரிவும் படிக்கட்டுமான ஊர். மராகேஷோ சமவெளியில் தட்டையாகக் கிடப்பது. சட்டத்தைவிட நிலத்தின் அமைப்பே ஃபெஸ்ஸைக் காத்தது என்பது என் கணிப்பு.

இதனால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. மேலே நாணல் தட்டி வேய்ந்த கடைவீதியில் மொபெட்டுகளின் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் புகை வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்களை நான் மாலை நெரிசலில் அங்கே அழைத்துச் செல்வதில்லை. நெரிசல் நேரத்தில் முக்கியச் சூக்குகளில் மட்டுமாவது வண்டியை இறங்கித் தள்ளிப் போகச் சொல்வது நியாயம் என்றே நினைக்கிறேன். வழிகாட்டியும் அதை மறுக்கவில்லை. அவரே நெரிசலில் தள்ளித்தான் போவாராம்.

இப்போது சதுக்கத்தில் இறங்கியதும் குழுவை வரிசையில் நிற்கவைத்து, பை சுவர்ப்பக்கத் தோளில், முந்தானை இடுப்பில், கால் வலப்பக்கத்தில் என்று ஒத்திகை பார்த்த பிறகே சூக்குக்குள் நுழைகிறேன். சென்ற பயணத்தில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சென்னை விமான நிலையத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான், பின்னால் ஹாரன் கேட்டதும் குழுவில் நான்கு பேர் ஒழுங்காக வலப்பக்கம் ஒதுங்கி ஒரு டாக்சிக்காரரிடம் திட்டு வாங்கினார்கள்.