பாட்டிக்குப் படுக்க இடம் கிடைத்தது, ஆதார்தான் அலைக்கழித்தது

சென்னை பாரிமுனையில் எங்கள் கடை வாசலில் பல வருடங்களாகப் படுத்துவந்த பாட்டி ஒருவரை வீடற்ற பெண்களுக்கான மாநகராட்சிக் காப்பகத்தில் சேர்த்தோம். அதிலிருந்து முதியோர் உதவித்தொகைக்கு மனு போடும்வரை கூடவே அலைந்தவன் நான். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

காப்பகம் எங்கே இருக்கிறது என்பதை மாநகராட்சியின் உதவி எண் 1913-இல் கேட்டாலே சொல்லிவிடுகிறார்கள். ஆண்கள், பெண்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் என்று தனித்தனியாக இருப்பதால், நீங்கள் அழைத்துப் போகிறவரின் நிலையை ஒளிக்காமல் சொல்லுங்கள். நாங்கள் போன காப்பகத்தில் போலீஸ் மெமோ, அதாவது இவர் தெருவில் வசிப்பவர் என்று ஸ்டேஷனில் எழுதித் தரும் கடிதம், கேட்டார்கள். அங்கேதான் முதல் அலைச்சல். ஒரு ஸ்டேஷனில், "நீங்க சொல்ற இடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்க லிமிட் இல்ல" என்றார்கள். அந்தப் பக்க ஸ்டேஷனிலோ, "பகல்ல எங்க உக்காந்திருப்பாங்க? இந்தப் பக்கம்தானே? அப்ப அங்கயே போங்க." பாட்டி தூங்குவது ஒரு பக்கம், பூ கட்டுவது இன்னொரு பக்கம் என்றால் அவர் எந்த எல்லையில் வாழ்கிறார் என்று யார் சொல்வது? கடைசியில் இரவு ரோந்து வந்த ஏட்டு ஒருவர்தான் பாட்டி படுத்திருப்பதை நேரில் பார்த்துவிட்டு மெமோ எழுத ஏற்பாடு செய்தார். மெமோவுக்குப் பகலில் போகாதீர்கள், இரவில் போங்கள்.

அடுத்த சிக்கல் மூட்டை. காப்பகத்தில் ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டிதான். பாட்டியிடம் அலுமினியக் குண்டான், இரண்டு போர்வை, கணவரின் போட்டோ, அப்புறம் ஒரு அரிவாள்மனை. அரிவாள்மனைக்கு உள்ளே அனுமதி இல்லை. "அத விட்டுட்டு நான் வரமாட்டேன் தம்பி" என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்து டீக்கடைக்காரர் வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் ஆட்டோவில் ஏறினார். சாமான்களுக்கு வழி செய்யாமல் யாரையும் கிளப்பாதீர்கள். மறுநாளே நடைபாதைக்குத் திரும்பிவிடுவார்கள்.

இனி ஆதார். பாட்டியிடம் அட்டையும் இல்லை, எண்ணும் நினைவில்லை, செல்போனும் கிடையாது. ஓர் ஆதார் மையத்தில் "புதுசாப் போட்டுடலாம் சார்" என்று சுலபமாகச் சொல்லிக் கைரேகை, கண் எல்லாம் எடுத்தார்கள். காத்திருந்ததுதான் மிச்சம். ஏற்கெனவே ஆதார் இருப்பதாகச் சொல்லி நிராகரித்துவிட்டார்கள். ஒரு முறை எடுத்தவருக்கு இரண்டாவது எண் கிடையாது என்பது அந்த ஆபரேட்டருக்குத் தெரியாதா? அட்டை தொலைந்தவர்களுக்குப் புதுப் பதிவு செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். பழைய எண்ணைத் தேடித் தரச் சொல்லுங்கள். பெயர், பாலினம், மாவட்டம் அல்லது பின்கோடு கொடுத்து, ஒரு விரலோ கண்ணோ வைத்தால் தேட முடியும்.

வேறொரு மையத்தில் தேடினார்கள். பூ கட்டித் தேய்ந்த விரல், ரேகை விழவில்லை. கண்ணை வைத்தார்கள். பாட்டியின் ஊர் சங்கராபுரம் பக்கம் என்பதால் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று கொடுத்தோம். வரவில்லை. பெயரின் எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது: கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதே 2019-இல்தான், பாட்டி ஆதார் எடுத்ததோ அதற்கு முன்பு. "விழுப்புரம்னு போட்டுப் பாருங்க" என்றேன். திரையில் பாட்டியின் முகம் வந்தது, பத்து வயது குறைவாக. "நாந்தான், நாந்தான்" என்று பாட்டி போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பிப் பார்த்தது. மாவட்டம் பிரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை மறக்காதீர்கள். தென்காசிக்குத் திருநெல்வேலி, ராணிப்பேட்டைக்கு வேலூர்.

எண் கிடைத்ததும் காப்பக முகவரிக்கு மாற்றம். வாடகை ஒப்பந்தமா இருக்கிறது, கேஸ் பில்லா இருக்கிறது? இதற்கென்றே ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவம் ஒன்று உண்டு. கவுன்சிலர், தாசில்தார் மட்டுமல்ல, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் கண்காணிப்பாளரும் அதில் கையெழுத்துப் போடலாம். மூன்று மாதம்தான் செல்லும். கையெழுத்தும் முத்திரையும் போட்டோவின் மேல் பாதி, தாளின் மேல் பாதி விழ வேண்டும். எங்கள் படிவத்தில் முத்திரை போட்டோவைத் தொடவில்லை என்று திருப்பிவிட்டார்கள். காப்பகத்தில் முதலில் "எங்க அட்ரஸ் எல்லாம் குடுக்க மாட்டோம்" என்றார்கள். தங்குபவர்களுக்கு அடையாள அட்டை, உதவித்தொகை எல்லாம் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் வீடற்றோர் தங்குமிடத் திட்ட விதிகளிலேயே இருக்கிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பணிவாக நீட்டினேன், கொடுத்தார்கள்.

வங்கிக் கணக்கு ஒரே காலையில் முடிந்தது.

உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையத்தில் மனு ஏற்றியாயிற்று. விசாரணைக்கு வருகிறவர் பகலில்தான் வருவார், பகலில் பாட்டி பூ கட்டப் போய்விடுவார். "அப்படி யாரும் இங்க இல்ல" என்று எழுதிவிட்டால் மனு காலி. அதனால் காப்பக வார்டனிடம் சொல்லி, வருகைப் பதிவேட்டில் பாட்டியின் பெயர் இருக்கும் பக்கத்தை நகலெடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மனுவில் செல்போன் எண் என்னுடையது. குறுஞ்செய்தி வரும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்க்கிறேன். இப்போதைக்கு வருவாய் ஆய்வாளரிடம் நிற்கிறது.