போர்தோவில் ஓர் ஆம்பூர் மூக்கு

அலுவலக வேலையாக பாரிஸ் போனபோது மனைவியையும் கூட்டிப் போயிருந்தேன். சனிக்கிழமை ரயில் பிடித்து, ஒயினுக்குப் பேர்போன போர்தோ. அங்கே சிவப்பு ஒயின் ருசிக்கும் வகுப்பு ஒன்றில் இடம் பிடித்து வைத்திருந்தேன். அதற்காக இரண்டு வாரம் ராத்திரியெல்லாம் படித்தேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. மனைவி ஆம்பூர்க்காரி. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. "மோந்து மட்டும் பாக்கறேன்" என்ற நிபந்தனையில்தான் வந்தாள்.

மேசையில் ஆளுக்கு நாலு கோப்பை, நடுவில் ஒரு சின்ன வாளி. வாளி எதுக்கு என்றாள். வாயில் கொப்பளித்துத் துப்ப என்றேன். "துப்பிடலாமா? இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" முகமே மாறிவிட்டது. அன்று முழுக்க அவள் ஒழுங்காகத் துப்பினாள். யூரோவில் கட்டிய காசைத் துப்ப எனக்கு மனசு வரவில்லை, முழுங்கினேன். பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என்ன ஒயின் என்று சொல்லாமல் ஊற்றுவார்கள். வாசனையையும் ருசியையும் நாம் சொல்ல வேண்டும். முதல் கோப்பை வெளிறிய சிவப்பு. செர்ரி என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பர்கண்டி வட்டாரத்துப் பினோ நுவார் திராட்சை ஒயின் அது. கூட்டத்தோடு கோவிந்தா போட்டுத் தப்பித்தேன்.

இரண்டாவதில்தான் வித்தையைக் காட்டினேன். "பிளாக்கரண்ட், தேவதாரு, சீவின பென்சில்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். வகுப்பெடுத்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் சொல்வது அக்கரை ஒயின்" என்றார். ஆற்றுக்கு இடக்கரையில் மெதோக் வட்டாரம், கூழாங்கல் மண், அங்கே கேபர்னே சாவிஞோன் திராட்சை. பென்சில் வாசனையெல்லாம் அந்தப் பக்கம். வலக்கரையில் சென்ட் எமிலியோன், களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும், அங்கே மெர்லோ திராட்சையின் ராஜ்ஜியம். என் கோப்பையில் இருந்தது மெர்லோ. பிளம் பழம் மாதிரி வழவழவென்று இறங்கியிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. கேள்வியைப் படிக்காமல் விடை எழுதுவது எனக்குப் பள்ளிக்கூடத்துப் பழக்கம்.

மூன்றாவதை மோந்ததுமே மனைவி, "ரசத்துக்கு மிளகு தட்டின மாதிரி இருக்குங்க" என்றாள். ரோன் பள்ளத்தாக்கின் வடபகுதியில் விளையும் சிரா திராட்சை ஒயின் அது. ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான் மிளகுக்கும் சிராவுக்கும் அந்த மணத்தைக் கொடுக்கிறதாம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது 2008இல்தான். அந்த அம்மா நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

நாலாவது, வயதான மெதோக். மெதோக்கின் பெரிய தோட்டங்களை 1855 பாரிஸ் கண்காட்சிக்காக ஐந்து படியாகத் தரம் பிரித்தார்கள். மூன்றாம் நெப்போலியன் கேட்டு நடந்தது. அதற்கப்புறம் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது மூதோன் ரோத்ஷில்ட் மட்டும்தான், அதுவும் 1973இல். எங்கள் ஆபீஸ் புரமோஷன் எவ்வளவோ பரவாயில்லை.

மனைவி கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். பிறகு என் காதில், "எங்க ஊர் டேனரி நாத்தம் அடிக்குது" என்றாள்.

எனக்குப் போதை பாதி இறங்கிவிட்டது. அந்த அம்மாவோ, என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று விடவில்லை. மானம் போனால் போகட்டும் என்று "தோல்" என்றேன். அவர் மேசையைத் தட்டினார். தோல் வாசனைதானாம், முதிர்ந்த சிவப்பு ஒயினில் அதைத்தான் தேடுவார்களாம். இவள் அதோடு விட்டாளா? ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "கடுக்காய்த் தண்ணி மாதிரி நாக்கை இழுக்குது" என்றாள்.

அவள் தாத்தா காலத்தில் குழியில் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் போட்டுத் தோல் ஊறவைப்பார்கள். அவற்றில் இருக்கும் டானின்தான் பச்சைத் தோலைப் பதப்படுத்துகிறது. அந்தப் பெயரே தோல் பதனிடுவதிலிருந்து வந்ததுதான். திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருக்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ள, வாய் வறண்டு போகிறது. புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை, எப்படிச் சொல்வது என்று அந்த அம்மா கையைப் பிசைந்தார். "துவர்ப்பு" என்றாள் இவள், என்னமோ ஒன்றாம் வகுப்புப் பாடம் மாதிரி. அவர் அதை "துவாப்பு, துவாப்பு" என்று சொல்லிச் சொல்லி எழுதிவைத்துக்கொண்டார். சிறந்த மூக்குக்குப் பரிசாக ஒரு பாட்டிலும் கொடுத்தார்.

திரும்பும் ரயிலில் வயிற்றெரிச்சல் தாங்காமல், 2001இல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துவிட்டேன். இதே போர்தோவில், ஒயின் படிப்பு படிக்கும் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனையையே சொல்லியிருக்கிறார்கள். "பாத்தியா, எல்லாம் கண்ணு பண்ற மாயம்."

"நான் கண்ணை மூடிட்டுத்தானே மோந்தேன்?" என்றாள்.

ராத்திரி ஆம்பூருக்கு வீடியோ கால். நடந்ததையெல்லாம் பெருமையாக ஒன்றுவிடாமல் சொல்லி, பாட்டிலையும் காட்டினாள். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"அந்த நாத்தம் தாங்காமதானேடி வீட்டையே மாத்திக்கிட்டு வந்தோம்? அதைப் போய்க் காசு குடுத்தா மோந்துட்டு வந்தீங்க?"