வேறு இடமும் பார்த்து வையுங்கள்

நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். வேறு இடமும் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான். தமிழில் எழுதும்போது அதில் ஓர் 'உம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. இங்கேயே இருந்தாலும் சரி, எதற்கும் அங்கேயும் ஒரு பார்வை பார்த்து வை என்கிற மாதிரி. நான் சொன்னதோ ஆங்கிலத்தில். அந்த உம் அங்கே இருந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை. அதைப் பத்து வயதுப் பெண் ஒருத்தி தன் அம்மாவுக்கு ஸ்பானிஷில் சொன்னாள். அவள் சொன்னது நான் சொன்னதில் பாதி நீளம்கூட இல்லை.

2007 மார்ச் முதல் வாரம். இடம் அமெரிக்காவின் டெக்சாஸில் ஃபார்மர்ஸ் பிராஞ்ச். டாலஸ் பக்கம் அந்த வருடங்களில் இருந்தவர்களுக்கு ஊர்ப் பெயரே போதும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்போது சுமார் 28,000 பேர் இருந்த அந்த ஊரில், ஆவணம் இல்லாமல் குடியேறியவர்களுக்கு அபார்ட்மென்ட் வாடகைக்கு விடக் கூடாது என்று 2006 நவம்பரில் நகர மன்றம் ஒருமனதாகச் சட்டம் போட்டது. மீறினால் நாளொன்றுக்கு 500 டாலர் வரை அபராதம். குடியிருப்பவரிடம் காகிதங்களை வாங்கிப் பார்க்க வேண்டியது அபார்ட்மென்ட் வளாகத்தில் வீடுகளை வாடகைக்கு விடும் லீஸிங் ஆபீஸ், அதாவது அங்கே வேலை பார்த்த நான். வழக்கு வந்ததும் ஜனவரியில் அதைக் கொஞ்சம் மாற்றி, 2903 என்ற எண்ணில் இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். மே 12 அன்று ஊர் மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள்.

அப்போது எனக்கு அந்த ஆபீஸில் ஒன்றரை வருட அனுபவம். கணவருக்கு எல்-1 என்ற தற்காலிக வேலை விசா, அவர் மனைவி என்பதால் எனக்கு எல்-2, கையில் ஒரு வேலை அனுமதி அட்டை. குடியிருந்தது இர்விங்கில். சென்னையில் படித்த படிப்புக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் போய்ச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரமே ஒரு பயிற்சி கொடுத்தார்கள். வீடு கேட்டு வருபவரிடம் எந்த நாடு என்று பேச்சுவாக்கில்கூடக் கேட்கக் கூடாது, 1968-ம் வருடச் சட்டப்படி தப்பு என்று. 'உங்கள் உச்சரிப்பு அழகாக இருக்கிறதே, எங்கிருந்து வருகிறீர்கள்' என்று பாராட்டுவதுகூட ஆபத்து என்றார் வகுப்பெடுத்தவர். இந்தச் சட்டம் வந்த பிறகு அதே பயிற்சித் தாள் மேஜை டிராயரில் கிடந்தது. மேஜை மேல் நகர மன்றத்தின் அறிவிப்பு. ஒன்று கேட்காதே என்றது, மற்றது கேள் என்றது.

அந்த அம்மா நாலு வருடமாகக் குடியிருந்தார். கணவர், அவர், இரண்டு பெண் குழந்தைகள். வாடகை ஒவ்வொரு மாதமும் முதல் தேதியே வந்துவிடும், மணி ஆர்டராக. ஏப்ரல் 30-ல் லீஸ் முடிகிறது. புதுப்பிப்பதா காலி செய்வதா என்று 60 நாளைக்கு முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார், பெரிய பெண்ணைக் கூட்டிக்கொண்டு. எனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் குழாய் ஒழுகுகிறது, சாவி தொலைந்துவிட்டது என்ற அளவோடு சரி.

"மிஸ், அந்தச் சட்டம் வந்தால் நாங்கள் என்ன செய்யணும் என்று அம்மா கேட்கச் சொல்கிறார்கள்" என்றாள் பெண்.

இங்கேதான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். மேனேஜர் உள்ளறையில் இருந்தார். போய்க் கேட்டிருக்கலாம். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. 'இன்னும் சட்டமே வரவில்லை, இப்போதைக்கு லீஸைப் புதுப்பியுங்கள்' என்றால் எந்த விதியையும் மீறியதாகாது. அவர்களிடம் என்ன காகிதம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியாது. ஃபைலில் இருந்தது மெக்சிகோ தூதரகம் கொடுக்கும் மாத்ரிகுலா அட்டையின் நகல். அது அந்த அம்மாவுடையது. கணவர் காட்டிய அடையாளம் என்ன என்று நான் ஃபைலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் முடிவுக்கு வந்துவிட்டேன். வந்து, குரலை முடிந்த அளவு கனிவாக்கிக்கொண்டு, அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

பெண் அம்மா பக்கம் திரும்பி, "தீஸே கே நோஸ் வாயாமோஸ்" என்றாள்.

அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார். காலி செய்வதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும். எனக்கு அப்போது இருந்தது நிம்மதிதான், அதை மறைக்க விரும்பவில்லை. நல்லபடியாக, மனம் நோகாமல், முன்கூட்டியே எச்சரித்துவிட்டோம் என்ற திருப்தி. அந்த ஸ்பானிஷ் ஓசை மட்டும் காதில் ஒட்டிக்கொண்டது. ரிப்பேர் வேலை பார்க்கிறவரிடம் மறுநாள் சொல்லிக் காட்டி அர்த்தம் கேட்டேன். 'நாம போயிடணும்னு சொல்றாங்க.'

அப்படியா சொன்னேன்? பெண் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நாள் அவள் மேல் எரிச்சல்கூட இருந்தது. பத்து வயதுக் குழந்தை மேல் எரிச்சல், பாருங்கள். நான் 'நல்லது' என்ற வார்த்தையைப் போட்டேன், 'பார்த்து வைப்பது' என்றேன், இதையெல்லாம் தள்ளிவிட்டு இவள் பாட்டுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டாளே என்று. மொழிபெயர்ப்பில் எது தப்பு என்று யோசித்தேன். ஒன்றும் தப்பில்லை. நான் சுற்றி வைத்திருந்த துணியைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அந்தத் துணியைச் சுற்றுவதை நான் அமெரிக்காவில் கற்றுக்கொள்ளவில்லை. மதுரையில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுவோம். வீடு கேட்டு வருபவர்களிடம் அப்பா, "தம்பிக்கு எந்த ஊர்ப் பக்கம்? அங்கே எந்தத் தெரு?" என்று கேட்பார். தெருப் பெயர் வந்ததும் காபி கொடுக்கச் சொல்வார், அல்லது, "பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கு தம்பி, இப்போதைக்கு விடறதா இல்லை" என்பார். குரல் ஏறவே ஏறாது. வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போவார். அப்பாவைக் கெட்டவர் என்று ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் எந்தத் தெரு என்று கேட்கவாவது கேட்டார். நான் அதைக்கூடக் கேட்கவில்லை.

சரி, என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 500 டாலர் ஒரு நாளைக்கு. என் மாதச் சம்பளத்தில் நான்கு நாள்கூட அதைக் கட்ட முடியாது. அபராதம் கம்பெனிக்கா, மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்கா என்று யாரும் எனக்கு விளக்கவில்லை. விசாவில் இருப்பவள் மேல் ஒரு வழக்கு என்றால் என்ன ஆகும் என்று இரவெல்லாம் கணவரோடு பேசியிருக்கிறேன். அதோடு, அந்தக் குடும்பத்துக்கும் அவகாசம் கிடைத்ததே? மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடப் பரீட்சை நேரத்தில் வெளியேறுவதைவிட ஏப்ரலில் போவது மேல் இல்லையா? இப்படி யோசிக்கும்போது நான் செய்தது சரி என்றே தோன்றும். ஒரு மணி நேரம் தோன்றும்.

அப்புறம் நடந்தவற்றைச் சொன்னால் அந்த ஒரு மணி நேரமும் போய்விடுகிறது. மே 12 ஓட்டெடுப்பில் நூற்றுக்கு 68 பேர் சட்டம் வேண்டும் என்றார்கள். 22-ம் தேதி நடைமுறைக்கு வர வேண்டியது. 21-ம் தேதி ஃபெடரல் நீதிபதி சாம் லிண்ட்சே தடை போட்டார். 2008-ல் இன்னொரு சட்டம் போட்டார்கள். குடியிருக்க வருபவர் நகராட்சியில் 5 டாலர் கட்டி உரிமம் வாங்க வேண்டும் என்று. அதுவும் நின்றது. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. அந்தச் சின்ன ஊருக்கு வழக்குச் செலவு மட்டும் 60 லட்சம் டாலருக்கு மேல். நெப்ராஸ்காவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இதே மாதிரி சட்டம் வழக்கையெல்லாம் தாண்டி 2014-ல் நடைமுறைக்கே வந்துவிட்டது. ஃபார்மர்ஸ் பிராஞ்சில் வரவில்லை. ஏழு வருடத்தில் ஒரே ஒரு நாள்கூட.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் வந்தது. ஓட்டெடுப்புக்குப் பன்னிரண்டு நாள் முன்பே வந்தது.

(ஒரே வீடு என்று எப்படிச் சொல்கிறேன்? என் மாதிரி மேஜைக்குப் பின்னால் எத்தனை பேர் என்னென்ன சொன்னார்களோ. அந்த வசந்த காலத்தில் எங்கள் வளாகத்திலேயே, வீடு மாற்றுபவர்கள் வாடகைக்கு எடுக்கும் யு-ஹால் வண்டிகள் அதிகமாகத் தெரிந்தன. அதில் இன்னும் சில குடும்பங்கள் எங்கேயோ இதே மாதிரி ஒரு வாக்கியத்தைக் கேட்டிருக்கலாம்.)

வழக்குப் போட்டவர்களில் அபார்ட்மென்ட் உரிமையாளர்களும் இருந்தார்கள் என்பது இன்னொரு முள். லாபத்துக்காகத்தான் என்று வைத்துக்கொண்டாலும், கேட்கமாட்டேன் என்று கோர்ட்டுக்குப் போனது அவர்கள்.

இரண்டு விஷயங்களைச் சட்டத்தைப் பிறகு படித்தபோது தெரிந்துகொண்டேன். முதலாவது, 2903-ல் ஒரு விலக்கு இருந்தது. ஏற்கெனவே குடியிருக்கும் குடும்பத்தில் கணவனோ மனைவியோ ஒருவருக்குச் சரியான காகிதம் இருந்தால் லீஸைப் புதுப்பிக்கலாம். அந்தக் கணவரிடம் கிரீன் கார்டு இருந்திருந்தால்? மார்ச்சிலேயே நான் சட்டத்தைப் படித்திருந்தால், ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவர்கள் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதானே சட்டத்தின் நோக்கம்? கேட்டிருந்தால் ஒரு தப்பு, கேட்காததால் ஒரு தப்பு. இதில் எதைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தீரவில்லை.

இரண்டாவது என்னைப் பற்றியது. யாருக்கு வீடு கொடுக்கலாம் என்று தீர்மானிக்க, மத்திய அரசின் வீட்டு மானிய விதிகளில் இருந்த பட்டியலை அப்படியே தூக்கிச் சட்டத்தில் வைத்திருந்தார்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர், அகதி என்று போகும் அந்தப் பட்டியல். மானியம் யாருக்கு என்பதற்காக எழுதியது, ஆகவே படிக்க வந்தவர்களும் தற்காலிக வேலை விசாக்காரர்களும் அதில் கிடையாது. நீதிபதி தடை போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சட்டத்தின் எழுத்துப்படி பார்த்தால் எல்-2 வைத்திருக்கும் நானே அந்த வளாகத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்க முடியாது. எச்-1பி வேலை விசா வைத்துக்கொண்டு டாலஸ் முழுக்க நிறைந்திருந்த நம் ஆட்கள் யாராலும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை விருந்துகளில் 'லைனில் நின்று முறைப்படி வந்தவர்கள் நாம், அவர்களைச் சொன்னால் நமக்கென்ன' என்று பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கனிவான குரலே வந்தது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எங்கள் இருவரையும் கோட்டுக்கு ஒரே பக்கம் வைத்திருந்தார்கள். கவனித்து வைத்தார்களா, கவனிக்காமல் வைத்தார்களா என்பது வேறு.

இது தெரிந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. மார்ச்சில் வராத கோபம், என் பெயர் பட்டியலில் இல்லை என்றதும் வந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

இனி, இத்தனையும் எழுதிய பிறகு, இதற்கெல்லாம் எதிராகப் போகும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் 30 அன்று அந்தப் பெண்தான் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள், கூடவே டெபாசிட் செக் அனுப்ப வேண்டிய முகவரியும். பென்சிலால் உருண்டை உருண்டையாக எழுதியிருந்தாள். கேரல்டனோ டாலஸோ இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அதே ஃபார்மர்ஸ் பிராஞ்ச், அதே 75234 அஞ்சல் எண். நாலு தெரு தள்ளி, ஒரு தனி வீடு. 2903 அபார்ட்மென்ட்களுக்கு மட்டும்தான். வாடகைக்கு விடும் தனி வீடுகளை அது தொடவில்லை, 2008-ல் வந்ததுதான் தொட்டது. அந்த அம்மாவுக்கு இது தெரிந்திருந்ததா? என்னிடம் கேட்க வருமுன்பே வீடு பார்த்து வைத்திருந்தாரா? அப்படியானால் நான் சொன்ன வாக்கியம் எதையும் செய்யவில்லை. நானாகத்தான் இத்தனை வருடம் அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். இப்படி நினைத்தால் லேசாக இருக்கும். உடனே 'தீஸே' என்ற சொல் வரும். 'அவங்க சொல்றாங்க.' அந்தப் பெண் அப்படித்தான் தொடங்கினாள்.

வீட்டைச் சரிபார்க்கப் போனேன். அடுப்புக்குள்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். சுவரில் குழந்தைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள் மட்டும் அழியாமல் இருந்தன, நாலு வருடத்துக் கோடுகள். விதிப்படி பெயின்டுக்கு 60 டாலர் பிடிக்க வேண்டும். பிடித்தேன். மீதிக்குச் செக் எழுதி, நாலு தெரு தள்ளி இருந்த அந்த வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன்.